அண்டாவும் களைக்கொட்டும்

ஆட்டம் மாலையில்தான். நான் ஒரு மணிக்கே போய்விட்டேன். லோவெல் பூங்கா மைதானத்தில் ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் ரப்பர் குழாயைப் பிடித்து செம்மண்ணுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், முழங்கை மடக்கியதுபோல் கடலுக்குள் நீளும் நிலம் கேப் காட். அங்கே பார்ன்ஸ்டபிள் ஊராட்சிக்குள் அடங்கிய சிற்றூர் கொட்டூயிட். கோடை விடுமுறையில் நாடெங்கும் உள்ள கல்லூரி பேஸ்பால் மாணவர்கள் கேப் காட்டின் பத்து அணிகளில் வந்து சேர்கிறார்கள். ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். சம்பளம் கிடையாது. ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு ஆடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

கொட்டூயிட் அணிக்குப் பெயர் கெட்டிலியர்ஸ். நம் வாயில் அண்டாக்காரர்கள். வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் ஒருவரிடமிருந்து 1648-ல் இந்த நிலத்தை வெள்ளையர்கள் வாங்கினார்களாம். ஒரு பெரிய பித்தளை அண்டாவும் ஒரு களைக்கொட்டும்தான் விலை என்பது ஊர்க் கதை. 1947-ல் அணி தொடங்கியவர்கள் அண்டாவைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் ஊறியதும் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தால் பந்து தாறுமாறாக எகிறும். கையில் ஒட்டினால் ஓடுபவன் வழுக்குவான். பதம் வந்ததும் இரும்பு வலை ஒன்றைக் கட்டி இழுத்தார். நாற்று நடுமுன் வயலில் பரம்படிப்போமே, அதே வேலை. பிறகு கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு. ஓடுபவன் தொடும் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 90 அடி; அதில் விரல்கடை பிசகக்கூடாது.

வேலையினூடே பழைய கதைகள் வந்தன. 1961 முதல் 64 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள், 1972 முதல் 75 வரை மறுபடி நான்கு. 1980-ல் இங்கே ஆடிய ரான் டார்லிங் பின்னாளில் நியூயார்க் மெட்ஸ் அணியின் பந்துவீச்சாளரானார். இந்தக் கோடைப் போட்டிகளில் அலுமினிய மட்டையின் கடைசி ஆண்டான 1984-லும், மர மட்டை திரும்பி வந்த 1985-லும் கோப்பை கொட்டூயிட்டுக்குத்தான். கல்லூரியில் அலுமினியத்தால் அடித்துப் பழகிய பையனுக்கு மரம் முதல் வாரமே உண்மையைச் சொல்லிவிடும்: பந்து நடுவில் படாவிட்டால் கை கிடுகிடுக்கும், சில நேரம் மட்டையே முறியும். தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் கையில் நோட்டோடு இங்கே வந்து உட்காருவது அதைப் பார்க்கத்தான்.

மாலையில் கூட்டம் சேர்ந்தது. மடக்கு நாற்காலி, போர்வை, நாய், கைக்குழந்தை. தின்பண்டக் கடையில் நிற்பவரும் நன்கொடை வாங்குபவரும் சம்பளமில்லாத ஊர்க்காரர்களே. இந்த மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. பைன் மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். அன்று முடிந்தது.

கையெழுத்துக்காகச் சிறுவர்கள் ஆட்டக்காரர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பந்துவீச்சு மேட்டுப் பக்கம் போனேன். சுற்று நிலத்தைவிடப் பத்து அங்குலம் உயர்ந்த மேடு அது. வீசுபவனின் முன்கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவதால், ஆட்டம் முடியும்போது அங்கே ஒரு குழி. பெரியவர் அதிலிருந்த உதிரி மண்ணைத் துடைத்தெடுத்து, ஈரக் களிமண்ணைத் திணித்து, திமிசுக்கட்டையால் இடித்தார். அடுத்த மாதம் இந்தப் பையன்கள் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு பெரும்பாலும் வேறு முகங்கள்தான் வரும். குழி அதே இடத்தில்தான் விழும்.

மேட்டின் ஓரம் சரிந்திருந்ததைச் சீராக்க அவர் கை நீட்டிக் கேட்டார். புல்லில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். களைக்கொட்டு.