கட்டி அனுப்பும் போலி உத்தரவு

வாய்ப் புற்றுநோயோ நுரையீரல் புற்றுநோயோ முற்றிய நிலையில் நோயாளி ஓயாமல் தண்ணீர் கேட்க ஆரம்பிப்பார். அடிக்கடி சிறுநீர் போகும். வீட்டார் சர்க்கரை இருக்குமோ என்று சோதிப்பார்கள். சரியாக இருக்கும். அத்தோடு விட்டுவிடுவார்கள். பிறகு மலச்சிக்கல், குமட்டல், பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம். காலம் நெருங்கிவிட்டது என்று ஊருக்குத் தகவல் போகும். சிலர் மார்ஃபின் மீது பழி போடுவார்கள். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்பவர் அபூர்வம்.

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம்தான். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அந்த அளவைக் காக்கின்றன. குறைந்தால் ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்து எடுக்கும்; கூடினால் நிறுத்திக்கொள்ளும்.

சில புற்றுக்கட்டிகள் இந்த ஹார்மோனைப் போலவே ஒன்றைச் சுரக்கின்றன. அவற்றுக்கு நிறுத்தத் தெரியாது. எலும்பு கரைகிறது, உபரி கால்சியத்தைச் சிறுநீரகத்தால் முழுதாக வெளியேற்ற முடிவதில்லை. இதற்குக் கட்டி எலும்புக்குப் பரவியிருக்கவே வேண்டாம் என்பதுதான் விசித்திரம். அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-லேயே இதைச் சந்தேகித்தார். அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க 1987 ஆயிற்று. அது கட்டியின் சொந்தச் சரக்கும் அல்ல. பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்து குழந்தைக்குக் கால்சியம் எடுத்துத் தருவதும் அதுவே.

கால்சியம் ஏறினால் உடம்பு நீரை இழக்கும். நீர் குறைந்தால் கால்சியம் மேலும் ஏறும். அதனால் முதல் வைத்தியம் சலைன். பிறகு ஜோலிட்ரோனிக் அமிலம் போன்ற மருந்து நரம்பு வழியே. பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். இளைத்துப்போனவர்களுக்கு அல்புமின் குறைவாக இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கால்சியம் சரியாக இருப்பதுபோல் அறிக்கை ஏமாற்றும். எலும்புக்கு பலம் என்று வீட்டில் கொடுக்கும் கால்சியம் மாத்திரை வேறு, நிலைமை புரியாமல் தொடரும்.

கட்டி அடங்காவிட்டால் கால்சியம் மறுபடி ஏறும். பெரும்பாலோருக்குக் கிடைப்பது சில வாரங்கள், சில மாதங்கள். இதற்கு ஏன் ஊசி என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மயக்கம் தெளிந்தவரிடம் அதையே கேட்கலாம்: இன்னொரு கீமோவா, வீட்டுக்குப் போவதா, யாரைப் பார்க்க வேண்டும் என்று.