கட்டுவதும் அவிழ்ப்பதும்

2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, கிளிநொச்சியில் என் தங்கையின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணை, அப்பப்பா செய்ததுக்கோ என்ர பிள்ளையைக் கடவுள் காட்டாமல் வைச்சிருக்கிறார்?"

பிறரைக் கேள்வி கேட்பதையே நாற்பது ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

அவளுடைய மகன் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவன். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது முதல் வாரத்திலேயே அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். மகனின் புகைப்படத்தை மடியில் வைத்தபடி கொட்டகையில் இருப்பாள். ஆனால் அந்த ஓகஸ்டில் நான் சென்றபோது, அங்கு போவதை அவள் நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

காரணம் மெல்ல மெல்லத்தான் வெளிவந்தது. அவள் செல்லும் சபைக்கு வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் நடத்தியிருக்கிறார். எங்கள் தந்தையார் மிஷன் பாடசாலையில் படித்துக் கிறிஸ்தவரானவர். அவருடைய தந்தையார், அதாவது எங்கள் அப்பப்பா, ஊரில் வைரவர் கோவிலொன்றில் பூசை செய்தவர். இதைக் கேட்டறிந்த அப்போதகர், அந்தத் தலைமுறைச் சாபம் முறிக்கப்படாதபடியால்தான் மகனைப் பற்றிய செய்தி தடைபட்டிருக்கிறது என்று கூறினாராம். வீட்டின் நான்கு மூலைகளிலும் எண்ணெய் பூசி, 'பலவானை'க் கட்டி, உரத்த சத்தமாய்க் கடிந்துகொண்டார்களாம். கோவில் முன்றலில் குந்தியிருப்பது அப்பிரதேசத்தை ஆளும் ஆவிக்கு இடங்கொடுப்பதாகும் என்றும் எச்சரித்தார்களாம்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு எழுதப்பட்ட செய்தி நிற்காது என்பதைத் தொழில் எனக்குக் கற்பித்திருந்தது. நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த காலத்தில், ஒருவர் கூறியதாக ஒரு வாக்கியம் மேசைக்கு வந்தால் அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன கூறினார் என்று பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதே என்பார் எங்கள் செய்தி ஆசிரியர். அந்த வழியிலேயே போகத் தீர்மானித்தேன். பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் புகழ்ந்தே பேசுகிறது. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதே என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய கை, அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் அவசியம். பல ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய பெருவிழாக்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். கூட்டத்தின் எண்ணிக்கையையும் சுகம்பெற்றோரின் தொகையையும் ஏற்பாட்டாளர்கள் சொன்னபடியே போட்டேன்.

ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஓர் ஆவி அதிபதி உண்டு, அதன் பெயரைக் கண்டறிந்து கட்டவேண்டும் என்ற போதனை இன்றைய வடிவில் மிகப் புதியது. அமெரிக்காவின் புல்லர் இறையியல் கல்லூரியில் கற்பித்த பீற்றர் வாக்னர் முதலானோர் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் நூல்கள், மாநாடுகள் வழியாகப் பரப்பியது அது. அவர்களது முதன்மைச் சான்று தானியேல் பத்தாம் அதிகாரம். அங்கே பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி தேவதூதனை இருபத்தொரு நாள் தடுத்து நின்றதாக வருகிறது. உண்மைதான். ஆனால் தானியேல் அந்த நாட்களில் என்ன செய்தார்? துக்கித்திருந்தார், ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் தவிர்த்தார். அப்படியொரு போராட்டம் நடந்தது என்பதே, அது பற்றித் தூதன் வந்து சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. அந்த அதிபதியோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது கடவுளோடு மட்டுமே.

'கட்டுதல்' பற்றிய வசனமும் அவ்வாறே. மத்தேயு 18 இல் அது வருமிடத்தைப் பாருங்கள். குற்றஞ்செய்த சகோதரனோடு தனியே பேசு, கேட்காவிட்டால் சாட்சிகளோடு பேசு, பிறகு சபைக்குத் தெரிவி என்ற வரிசையின் தொடர்ச்சி அது. யூத போதகர்களின் வழக்கில் கட்டுதலும் அவிழ்த்தலும் விலக்குவதையும் அனுமதிப்பதையும் குறித்தன. அங்கே பேயும் இல்லை, பிரதேசமும் இல்லை. மத்தேயு 12 இல் பலவான் கட்டப்படுவது உண்மை. கட்டியவர் தாமே என்றுதான் இயேசு அங்கே உணர்த்துகிறார். இரண்டாம் கொரிந்தியரில் பவுல் தகர்க்கும் அரண்கள் எவை என்று அடுத்த வசனமே கூறிவிடுகிறது. கடவுளை அறியும் அறிவுக்கு விரோதமாக எழும்பும் தர்க்கங்கள் அவை. யூதாவின் நிருபத்திலோ, மோசேயின் சரீரத்தைக் குறித்துப் பிசாசோடு வாதாடிய மிகாவேலே தன் வாயால் அவனைத் தூஷிக்கத் துணியாமல், கடிந்துகொள்வதைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறான். பிரதான தூதனுக்கு இல்லாத துணிவு எங்கள் ஒலிபெருக்கிகளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது எபேசுப் பட்டணம். சர்வாயுதவர்க்கத்தைப் பற்றிய புகழ்பெற்ற அதிகாரம் அந்தச் சபைக்கே எழுதப்பட்டது. அர்த்தெமிஸ் தேவியின் பெருங்கோவில் இருந்த ஊர் அது. மந்திர நூல்களுக்கும் பேர்போனது. பிரதேச ஆவியைக் கட்டவேண்டுமானால் அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பவுல் அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். திறன்னு என்பவனுடைய கல்விக்கூடத்தில் நாள்தோறும் விவாதித்தார். கோவிலைச் சுற்றி நடந்ததாகவோ அதன் வாசலில் எண்ணெய் ஊற்றியதாகவோ ஒரு வரியும் இல்லை. கலகம் மூண்டபோது நகரின் எழுத்தரே எழுந்து, இவர்கள் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், தேவியை நிந்தித்தவர்களும் அல்லர் என்று சாட்சி கூறினார். எங்கள் நாட்டில் எத்தனை பேருக்கு ஒரு பிற சமயத்து அதிகாரி இப்படிச் சாட்சி கூறுவார்?

அதே எபேசில்தான் ஸ்கேவா என்பவனின் ஏழு புதல்வர்கள் இயேசுவின் பெயரைச் சூத்திரமாக உச்சரிக்கப் போய், அடிவாங்கி நிர்வாணமாக ஓடினார்கள்.

தீய ஆவிகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுவிசேஷங்களைப் படிப்பவர் எவரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இயேசுவும் பவுலும் பிசாசுகளைத் துரத்தினார்கள்; எதிரே நின்று வேதனைப்பட்ட ஒரு மனிதனிடமிருந்தோ ஒரு பெண்ணிடமிருந்தோ துரத்தினார்கள். துரத்தியபின் அவர்கள் தெளிந்த புத்தியோடு இருந்தார்கள். என் தங்கையோ அந்த ஜெபத்துக்குப் பின்னர்தான் நித்திரையை இழந்தாள்.

தமிழில் 'கட்டு' என்ற சொல்லுக்கு வேதாகமத்துக்கு முந்திய ஒரு வாழ்க்கை உண்டு. திசைக்கட்டு, வாய்க்கட்டு, பேய்க்கட்டு என்று மந்திரவாதியின் அகராதியில் கிடந்த சொல் அது. வளவுக்குக் காவல் பண்ணும்போது நான்கு மூலைகளிலும் செப்புத் தகடு புதைப்பார்கள், நூல் கட்டுவார்கள், கழிப்புக் கழிப்பார்கள். இன்று தகட்டின் இடத்தில் எண்ணெய் இருக்கிறது. அப்பப்பா வெறும் பூசகர். விளக்கேற்றி மணியடித்து வடைமாலை சாத்தியவர். இந்தக் கட்டுக்கலை எதையும் அறியாதவர். அவருடைய சாபத்தை முறிக்க வந்தவர்கள்தான் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1993 ஜூலையில் லண்டனில் கூடிய லோசான் இயக்கத்தின் பணிக்குழு, ஆவிக்குரிய யுத்தம் பற்றிய தன் அறிக்கையில் இத்தகைய வழுக்கலைக் குறித்தே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எங்கள் ஊர்களை எட்டவில்லை.

மறுநாள் இரவு தங்கையோடு எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தை வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைபோன மக்கள், பிதாக்கள் தின்ற புளித்த திராட்சைக்காய்க்குத் தங்கள் பற்கள் கூசுவதாகப் பழமொழி பேசித் திரிந்தார்கள். நாடிழந்து, பிள்ளைகளை இழந்து நின்றவர்களின் பழமொழி அது. அதை இனிச் சொல்லக்கூடாது என்று அங்கே கட்டளை பிறக்கிறது. தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது. யாத்திராகமத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை என்று இருக்கிறதே என்று அவள் கேட்டாள். போதகர் அதைத்தான் காட்டினாராம். அந்த வாக்கியம் கடவுளைப் பகைப்பவர்களைப் பற்றியது. அடுத்த வாக்கியம் அவரில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைவரை இரக்கம் என்பது. அதை அவருக்கு வாசிக்க நேரம் கிடைக்கவில்லை போலும். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்லர் என்று இயேசு கூறிய யோவான் ஒன்பதாம் அதிகாரத்தையும் வாசித்தோம்.

அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்ப ஏன் அண்ணை அவன் இன்னும் வரேல்லை?" என்றாள்.

அதற்கு என்னிடம் வசனம் இருக்கவில்லை. தெரியாது என்றேன். யார் கொண்டுபோனார்கள் என்று அரசாங்கத்திடம் கேட்கவேண்டிய கேள்வியை உன் அப்பப்பாவிடம் கேட்க வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். சொன்னபின், அது கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டதோ என்று எனக்கே தோன்றியது.

அவள் என் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானாகவே லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தைத் திருப்பினாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதியாத நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நியாயங் கேட்ட விதவையின் உவமை. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு காட்டிய மாதிரி அவள்தான். அந்த விதவை எவரையும் கட்டவில்லை, எவரையும் அதட்டவில்லை. போய் நின்றாள், அவ்வளவுதான். எபேசியரின் ஆயுத அதிகாரத்திலும் திரும்பத் திரும்ப வருவது 'நில்லுங்கள்' என்ற சொல்லே என்று சொல்ல நினைத்தேன். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள், குறுக்கிடவில்லை.

காலையில் நான் பேருந்துக்குப் புறப்பட்டபோது அவளும் குடையோடு வெளிக்கிட்டு நின்றாள். மகனின் புகைப்படத்தை மழை படாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் இட்டிருந்தாள். கோவில் முன்றல்வரை இருவரும் சேர்ந்து நடந்தோம். கொட்டகையில் அவளுடைய பழைய இடத்தில் வேறொரு தாய் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், ஒன்றும் கேட்காமல், சற்று நகர்ந்து இடம் விட்டார்.