கூரைக்கு மேல் நாரை

திருநெல்வேலியிலிருந்து தெற்கே, மூலைக்கரைப்பட்டி தாண்டி, நாங்குநேரி வட்டாரத்தின் வறண்ட முள்காட்டு நடுவே இருக்கிறது கூந்தன்குளம். ஜனவரிக்குப் பிறகு போனால் ஊருக்கு முன்னால் அதன் வாடை வந்துவிடும். மீன் கவிச்சியும் பறவை எச்சமும் கலந்த வாடை. ஊர்க்காரர்கள் அதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பறவைகள் இறங்கும் கூந்தன்குளம், காடன்குளம் இரண்டுமே பாசனக் குளங்கள். மழையோடு மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வந்தால்தான் நிறையும். நிறைந்தால்தான் பறவை தங்கும். 1994-ல் சுமார் 129 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. காவல் மட்டும் இந்த அறிவிப்புகளுக்கு முன்பிருந்தே ஊரின் கையில்தான். தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்து, பறக்கும்வரை மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். பதிலுக்குப் பறவையும் ஏதோ தருகிறது: எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது.

பூநாரை, கூழைக்கடா என்று பலதும் வந்தாலும் என் கண் சங்குவளை நாரையில்தான் நிற்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் சிறகு விரிப்பு, மஞ்சள் அலகு, இறகில்லாத ஆரஞ்சு முகம், வால்பக்கம் ரோஜா நிறம். கலங்கிய தண்ணீரில் அதற்குக் கண் தேவையில்லை. பாதி திறந்த அலகை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். காலால் சேற்றைக் கிளறும். மீன் அலகில் பட்ட நொடியில் மூடிக்கொள்ளும். பெரிய நாரைக்குக் குரல் என்று பெரிதாக எதுவும் இல்லை, அலகைத் தட்டுவதோடு சரி. சத்தமெல்லாம் குஞ்சுகளுடையது.

இவ்வளவு பெரிய பறவை ஆள் நடமாடும் தெருவில், வீட்டு மரத்தில் கூடு கட்டுகிறது என்பதே இந்த ஊரின் விசேஷம். வேறிடங்களில் மறைவிடத்தில் பதுங்கி, கைநீள லென்ஸோடு காத்திருக்க வேண்டும். இங்கே 300 மில்லிமீட்டர் போதும். சில கூடுகளுக்கு அதுவே அதிகம். கஷ்டம் வெளிச்சத்தில். கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில் இருப்பதால், கேமராவின் கணக்கை அப்படியே நம்பினால் வெள்ளை இறகு வெளிறிப்போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. காலை ஒளிதான் அழகு, சந்தேகமில்லை. ஆனாலும் நான் உச்சிவெயிலையும் விடமாட்டேன். தாயோ தகப்பனோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிப்பது அப்போதுதான். வெக்கை தணியத் தன் கால்மேலேயே எச்சமிட்டுக்கொள்வதும் அப்போதுதான். இளஞ்சிவப்புக் கால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும்.

இங்கே எடுத்த படங்களில் பெரும்பாலும் ஊரே இருக்காது. மின்கம்பி, ஓட்டுக்கூரை, கொடியில் காயும் சேலை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஆளரவமற்ற காட்டில் எடுத்ததுபோல் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பியும் சேலையும் விழட்டும். அவை இல்லாவிட்டால் அது கூந்தன்குளத்துப் படமில்லை.

ஃபிளாஷ் வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். பதறி எழும் நாரையின் காலடியில் குஞ்சு இடறிக் கீழே விழும். மொட்டைமாடியில் ஏற நினைத்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். மழை பொய்த்த வருஷமென்றால், கிளம்புமுன் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.