டைனமோ கேக்

யாழ்ப்பாணத்திலே பிறந்தநாள் கேக் என்றால் வட்டம், சதுரம், வயதைக் குறிக்கும் இலக்கம் என்ற மூன்று வடிவங்களுக்குள் அடங்கிய காலம் ஒன்றிருந்தது. வீட்டில் போறணை இல்லாதவர்கள் சட்டியில் மணல் பரப்பி, அடியிலும் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் இட்டு, அஸ்ட்ரா மாஜரீன் கேக்கைப் பதமாக வேகவைத்து எடுப்பார்கள். இன்றைய பிள்ளைகள் மடிக்கணனி வேண்டும் என்கிறார்கள்; ஸ்பைடர்மான் வேண்டும், மைன்கிராஃப்ட் கட்டைகள் வேண்டும், ஸ்ரார் வோர்ஸ் இயந்திர மனிதன் வேண்டும் என்கிறார்கள். என் தங்கையின் மகள் வீட்டிலிருந்தே இத்தகைய கேக்குகளைச் செய்து விற்கிறாள். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மாமன்மார் படத்தையும் காசையும் அனுப்பிவைக்க, கேக் இங்குள்ள மருமக்களின் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

கணனி உலகத்தாருக்கும் கேக்குக்கும் உள்ள உறவு சுவையானது. 2006 ஒக்ரோபரில் பயர்பொக்ஸ் உலாவியின் இரண்டாம் பதிப்பு வெளியானபோது, அதன் நேரடிப் போட்டியாளரான மைக்ரோசொப்ட்டின் இன்ரநெற் எக்ஸ்புளோரர் குழுவினர் வாழ்த்துத் தெரிவித்து மொசில்லா அலுவலகத்துக்கு ஒரு கேக் அனுப்பினார்கள். 2008இல் மூன்றாம் பதிப்புக்கும் அனுப்பினார்கள். நமது பத்திரிகை உலகில் ஒரு நாளிதழ் மற்றொன்றுக்கு ஒரு துண்டு கேக்கேனும் அனுப்பியதாக என் பணிக்காலத்தில் நான் கேள்விப்படவில்லை. கூகுளோ 2009இல் அன்ட்ரொயிட்டின் ஒரு பதிப்புக்கே கப்கேக் என்று பெயர் சூட்டியது.

'கீக்' என்பதற்கு, ஒரு பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும்வரை உறங்காத பேர்வழி என்று பொருள் சொல்லலாம். அச்சொல் இப்போது எங்களூர்ச் சொல்லும்தான். யாழ் ஐரி ஹப் அமைப்பினர் 2012இல் தொடங்கிய போட்டிக்கு 'யாழ் கீக் சலஞ்ச்' என்றே பெயர்.

மருமகளின் வேலையை அருகிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது விளையாட்டுக் காரியமன்று. சித்திரை வெயிலில் பட்டர் ஐசிங் இளகி வழியும். உருவங்கள் செய்யப் பயன்படும் சீனிப் பசையாகிய ஃபொண்டன்ற், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மாரிகாலத்தில் வியர்க்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுத்தாலோ இன்னும் மோசம். முட்டை வெள்ளைக்கருவையும் ஐசிங் சீனியையும் அடித்துப் பூசி இறுகவிடும் பழைய முறையே எங்கள் வெயிலுக்கு ஈடுகொடுக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தபோது அவளது மின்போறணை உறங்கிக் கிடந்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. இத்தனைக்கும் நடுவில் அவள் தொழிலைக் கைவிடவில்லை.

ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவள் செய்யும் வடிவங்கள் யாவும் பிறர் ஊர்க் கதைகள். எங்களூரின் கீக் எவரும் அவற்றுள் இல்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம் எல்லாமே தடைப்பட்டியலில் இருந்தன. நான் அப்போது கலைப்பீட மாணவன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கே எங்கள் படிப்பு விளக்கு. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. வானொலிக்கு வழி? எங்கள் ஒழுங்கையில் இருந்த நண்பன் ஒருவன் வழி கண்டான். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற். நான்கு பற்றரிகள் சேர்ந்து தருவதும் அதே 6 வோல்ற். டைனமோவின் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க, பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் பொருத்தினான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, மற்றவர்கள் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் மங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று பின்னாலிருந்து குரல் எழும். குடாநாடெங்கும் இவ்வாறே சைக்கிள்கள் சுழன்றன. கண்டுபிடிப்புக்கு உரிமை கோருவதற்கு எவருமில்லை.

அந்த நண்பன் பின்னர் ரொறன்ரோ சென்று, தொழிற்சாலையொன்றில் முப்பதாண்டுகள் இரவு வேலை செய்தான். அவனுக்கு வரும் ஆவணியில் அறுபது வயது நிறைகிறது. குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான். அவனுடைய பேரப்பிள்ளைகள் கணனியிலேயே வாழ்பவர்கள். தாத்தா மின்சாரம் இல்லாத ஊரில் வானொலியைப் பேசவைத்தவர் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. அவன் தானாகச் சொல்லவும் மாட்டான்.

ஆகவே மருமகளிடம் தலைகீழான சைக்கிளும் டைனமோவும் வானொலியும் கொண்ட கேக் ஒன்று கேட்டேன்.

"மாமா, டைனமோ எண்டா என்னெண்டு எனக்கே வடிவாத் தெரியாது. ஒண்டு கொண்டுவந்து காட்டுங்கோ, பாத்துச் செய்யிறன்" என்றாள்.

அவள் 1996இல் பிறந்தவள். கோபிக்க இடமில்லை.

நகரில் மூன்று சைக்கிள் கடைகள் ஏறி இறங்கினேன். முதலிரண்டு கடைகளிலும் இருந்த இளைஞர்கள் இப்போது எல்லாம் எல்.ஈ.டி. என்றார்கள். மூன்றாவது கடை முதியவர் காரணம் கேட்டார். சொன்னதும் உள்ளே போய்த் துருவேறிய ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது அது மருமகளின் மேசையில் மாப்பேணிகளுக்கு இடையே இருக்கிறது. சக்கரக் கம்பிகளைச் சீனிப்பாகில் இழுத்தால் முறிந்துவிடும் என்பதால், அரிசிமா நூடில்சைப் பொரித்து வெள்ளி நிறம் பூசலாம் என்று முடிவாகியிருக்கிறது. ரயரோடு உரசும் டைனமோத் தலையின் நுண்வரிகளை எதனால் பதிப்பது என்பதே மிச்சமுள்ள சிக்கல். சீப்பால் பதிக்கலாம் என்கிறாள் அவள். சீப்புப் புதிதாக இருக்கவேண்டும் என்பது என் தங்கையின் நிபந்தனை.