விலை கூடிய ஒரு விசில்

அயர்லாந்து மக்களின் தகர விசில் பார்வைக்கு மிக எளிய வாத்தியம். ஏறக்குறைய ஓர் அடி நீளக் குழாய், ஆறு துளைகள், காற்றை ஒரு கூரிய விளிம்பின்மீது செலுத்தும் ஒடுங்கிய வழியைக் கொண்ட தலைப்பகுதி. புல்லாங்குழலில் உதடு செய்யும் வேலையை இங்கே அந்தத் தலைப்பகுதியே செய்துவிடுகிறது. ஆகவே எவரும் ஊதலாம். நன்றாக ஊதுவதுதான் கடினம். 'டைட்டானிக்' (1997) திரைப்படப் பாடலின் தொடக்கத்தில் ஒலிப்பது இவ்வகை விசில்தான் என்றால் பலருக்கு விளங்கும்.

1843இல் ரொபேர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் தகரத் தகட்டை மடித்து விற்கத் தொடங்கிய காலம் முதல் இது ஏழைகளின் வாத்தியம். என்னிடமிருப்பதும் பித்தளைக் குழாயில் பிளாஸ்டிக் தலை பொருத்திய ஜெனரேஷன் விசில். இருபது வருடங்களுக்கு முன்னர் லண்டன் நண்பர் ஒருவர் தந்தது. அடிச்சுரத்திலிருந்து துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம். மேல் மூன்று துளைகளை மட்டும் மூடும்போது எழும் சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் கல்யாணி. இந்த இரண்டும் போதும், பத்திரிகை அலுவலகத்திலிருந்து களைத்து வருபவனுக்கு.

ஆனால் மலிவு விசிலுக்கு ஒரு குணமுண்டு. அடிச்சுரத்தைச் சற்றுப் பலமாக ஊதினால் அது மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். மேல் ஸ்தாயியிலோ கீச்சிடும். பிசகியது விரலா குழலா என்று இருபது வருடங்களாக எனக்குத் தெரியவில்லை. விலை கூடிய கைவேலை விசில்களில் அந்தக் காற்றுவழியும் விளிம்பும் மிக நுண்ணிய அளவில் அரத்தால் சீர்செய்யப்படுகின்றன. இரண்டு ஸ்தாயிகளும் சுருதி பிசகாமல் ஒன்றோடொன்று இணைகின்றன. அமெரிக்காவில் பித்தளை விசிலுக்கு மைக்கேல் கோப்லண்டும், ஆபிரிக்கக் கருமரத்தில் கடைந்த விசிலுக்கு கிறிஸ் ஏபெலும் பெயர்பெற்றவர்கள். விலை நூற்றுக்கணக்கான டொலர்.

வேறொரு கைவினைஞரின் காத்திருப்போர் பட்டியலில் நானும் பெயர் கொடுத்திருந்தேன். என் முறை வந்துவிட்டதாகவும், பித்தளையா கருமரமா என்று இரண்டு வாரத்துக்குள் சொல்லவேண்டுமென்றும் சென்ற மாதம் மடல் வந்தது.

பத்தி எழுத்தால் கிடைத்த சிறு கொடுப்பனவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐ எட்டியபோது அந்தச் சேமிப்பின் பெறுமதி பாதியளவாகிப் போனது. இப்போது அதன்மீது இன்னொரு உரிமைக்காரியும் இருக்கிறாள். மகளின் கணக்கியல் பரீட்சைக் கட்டணத்தைப் பவுணில் கட்டவேண்டும்.

"இருபது வருஷமா ஒரே பாட்டைத்தானே ஊதுறீங்கள். விலை கூடின குழல் வந்தால் பாட்டு மாறுமோ?" என்றார் மனைவி.

அவர் பக்கத்துக்குச் சாட்சிகள் பலமானவை. கிளேர் மாவட்டத்து மிக்கோ ரசல் (1915–1994) சாதாரண விசிலையே ஊதிப் புகழ்பெற்றவர். மேரி பேர்கின் 1979இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டவர்கள், அவரது விசிலும் என்னுடைய இனம்தான் என்றால் நம்பமாட்டார்கள். ஆயினும் இந்த வாதம் என்னை முழுதாகக் கட்டுப்படுத்தவில்லை. மலிவுக் குழலின் குறையை மூச்சால் திருத்திக்கொள்ளும் தேர்ச்சி அவர்களுக்குச் சிறு வயதிலிருந்து வாய்த்தது. ஐம்பதைக் கடந்தவனுக்கு மிஞ்சியிருக்கும் மூச்சு, குழலோடு மல்லுக்கட்டுவதற்கல்ல.

கருமரத்தின்மீது ஆசை இருந்தது. 2017 முதல் அம்மரத்தின் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 மாநாட்டில் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த மாநாடு கொழும்பில் நடைபெறவிருந்து, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ஜெனீவாவுக்கு மாறியது என்பதைச் செய்தியாளனாக நான் மறக்கமுடியாது. எனவே சட்டம் தடையல்ல. கொழும்பின் ஈரக்காற்றில் மரக்குழலைப் பேணுவதும், அதற்கான மேலதிக விலையும்தான் தடை. பித்தளையைத் துணியால் துடைத்து வைத்தால் போதும்.

மகளின் கட்டணத்தைக் கட்டிய பின்னர் எஞ்சியது, பித்தளைக்குச் சரியாக இருக்கிறது. முற்பணம் அனுப்பிவிட்டேன். தலைப்பகுதியைச் சற்று இழுத்துச் சுருதி சேர்க்கும் வசதி கட்டாயம் வேண்டும் என்றும் எழுதினேன். வீட்டிலிருக்கும் பழைய சுருதிப்பெட்டி எப்போதும் ஒரு மயிரிழை கீழேதான் நிற்கிறது.