சீட்டைச் சற்றே உயர்த்துங்கள்

உங்கள் இல்லத்தின் திண்ணை ஓரத்திலோ மாடிப்படியின் கீழோ ஒரு மிதிவண்டி சாத்தப்பட்டுக் கிடக்கக்கூடும். ‘முழங்கால் வலிக்கிறது’, ‘இடுப்புப் பிடிக்கிறது’, ‘இந்த வயதில் எதற்கு’ என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி அதற்கு ஓய்வு கொடுத்திருப்பீர்கள். பழைய இரும்புக்காரரிடம் அதனை எடைக்குப் போடுமுன் இக்கட்டுரையை ஒரு முறை படித்துவிடுங்கள். வலிக்கு வயதையே குற்றம் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்தியிருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை.

மர்ஹூம் வாப்பா அவர்கள் அதிராம்பட்டினத்தில் வாடகை சைக்கிள் நிலையம் நடத்தி வந்தார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் புறப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று வண்டி கொடுப்பார்கள். கறுப்பு வர்ணம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக்கு, கனத்த எஃகுச் சட்டம். எல்லா வண்டிகளும் ஒரே வார்ப்பு. ஒரே வண்டியைக் காலையில் பன்னிரண்டு வயதுச் சிறுவனும், மாலையில் அறுபது வயது வியாபாரியும் எடுத்துப் போவார்கள். ஆளுக்கு ஆள் ஸ்பேனர் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே சீட்டுகள் யாவும் அடிமட்டம் வரை இறக்கப்பட்டே இருக்கும். அதற்கும் கால் எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தே ஓட்டப் பழகினார்கள். நம் தலைமுறை சைக்கிளுக்கு ஏற்ப உடம்பை வளைக்கக் கற்றுக்கொண்டதே தவிர, உடம்புக்கு ஏற்பச் சைக்கிளைத் திருத்தக் கற்கவில்லை. வாடகைக் கடைகள் மறைந்துவிட்டன. சீட்டை இறக்கி வைக்கும் வழக்கம் மட்டும் சொந்த வண்டிகளிலும் தொற்றிக்கொண்டு நிற்கிறது.

இதனை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்கு என் தங்கையே காரணம். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. கணவர் வஃபாத்தாகி ஏழாண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் தொலைவில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி, மகளைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். போக வர ஒரு லேடீஸ் சைக்கிள். சென்ற ஆண்டு முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கியது. மருத்துவர் பார்த்து, எலும்பில் பழுது ஏதுமில்லை என்று கூறி அனுப்பினார். வலியோ குறையவில்லை. ஆட்டோவில் போய்வரத் தொடங்கினாள். மாதக் கடைசியில் ஆட்டோவுக்குக் கொடுத்தது போகச் சம்பளத்தில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்தபோது, அது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கே போதவில்லை. உறவினர்கள் கூடி, “வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று அன்போடு சொன்னார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் என்னிடம் வந்து, “காக்கா, நான் வேலைக்குப் போறதா வேணாமான்னு இந்தச் சைக்கிளா முடிவு பண்ணணும்?” என்று கேட்டபோது என்னிடம் உடனே பதில் இல்லை.

மறுநாள் அவளைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் வயிற்றை நோக்கி எழும்பியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவதைப் போன்ற வேலையை அவள் மூன்றரை கிலோமீட்டருக்கும் செய்துகொண்டிருந்தாள். அவ்வாறு மடங்கிய நிலையிலேயே அழுத்தினால் முழங்கால் சில்லின் மீது பாரம் ஏறும். வலி முன்புறத்தில் தோன்றும்.

சரியான உயரத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக அமருங்கள். அன்றாடம் அணியும் செருப்பே காலில் இருக்கட்டும். ஒரு பெடலை அடியோடு கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன் மீது வையுங்கள். கால் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அதுவே உங்கள் உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்போம்; அப்போது முழங்கால் தானாகவே சிறிது மடங்கி நிற்கும். பாதத்தின் நடுக்குழியை வைத்து மிதிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதையும் இத்துடன் மாற்றிக்கொள்வது நலம்.

இதைச் செய்து தரச் சைக்கிள் கடைக்குப் போனால், கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. “பொம்பளைப் புள்ளைக்குச் சீட்டு எறக்கித்தான் வைக்கணும் பாய், ரெண்டு காலும் தரையிலே ஊணணும்” என்றார். அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. எனினும், நிற்பதற்காக ஓட்டுவதைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னே நழுவி இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றினால் போதும். குறுக்கே பார் இல்லாத லேடீஸ் வண்டியில் இது மிகவும் எளிது. தங்கைக்கு இதைப் பழக்க இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. சீட்டையும் ஒரே நாளில் உயர்த்திவிடவில்லை. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை அரை அங்குலமாக, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரண்டு அங்குலம் உயர்த்தினோம். உயர்த்தும்போது ஓர் எச்சரிக்கை: சீட்டுக் குழாய் சட்டத்துக்குள் குறைந்தது இரண்டரை அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். புதிய குழாய்களில் இதற்கென ஒரு கோடு இருக்கும். அக்கோடு வெளியே தெரியக்கூடாது.

எங்களைப் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்றினால் சீட்டுக் குழாய் சட்டத்தோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். தங்கையின் வண்டியில் அதுதான் நிகழ்ந்திருந்தது. இரவு முழுவதும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, காலையில் சீட்டை இருபுறமும் திருகித் திருகியே வெளியே எடுத்தோம். துருவைத் துணியால் தேய்த்து நீக்கி, கிரீஸ் தடவி மீண்டும் செருகினோம். ஆண்டுக்கொரு முறை இதனைச் செய்துவந்தால் அந்தப் போராட்டம் இராது.

உயரம் சரியானபின் சீட்டின் சாய்வைப் பாருங்கள். அதன் மீது ஒரு நீண்ட ஸ்கேலை வைத்தால் அது தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் உட்காரவே முடியாது. கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கி, பாரமெல்லாம் மணிக்கட்டில் விழும். ‘கை மரத்துப் போகிறது’ என்பவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம்மைப் போன்றோருக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த அகன்ற சீட்டே ஏற்றது. ஏனெனில் நிமிர்ந்திருக்கும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் சீட்டின் மீதே இறங்குகிறது. இன்று பிள்ளைகள் விரும்பி வாங்கும் ரேஸ் பாணி ஒல்லிச் சீட்டு, குனிந்து ஓட்டுபவர்களுக்காக அமைந்தது. அதன் மீது மெத்தென்ற உறை மாட்டிக்கொள்வதில் அதிகப் பயனில்லை என்பேன்.

சீட்டு உயர்ந்தால் ஹேண்டில் பாரும் உயர வேண்டும். சீட்டின் மட்டத்துக்கு இரண்டு அங்குலமாவது மேலே இருந்தால் முதுகு நிமிர்ந்திருக்கும். நடுத்தண்டின் உச்சியிலுள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அதன் மீது ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினால், உள்ளேயுள்ள ஆப்பு விடுபட்டுத் தண்டு மேலே வரும். கம்பி பிரேக்கு உள்ள வண்டிகளில் ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக்குக் கம்பிகளையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். இறுக்கியபின் முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள். அசையக்கூடாது.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எஃகு வண்டி அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும்’ என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். உண்மையில் பள்ளம் மேட்டின் அதிர்ச்சியை முதலில் தாங்குவது டயரில் உள்ள காற்று; அடுத்தது சீட்டின் ஸ்பிரிங். எஃகின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அது முறிவதற்கு முன் வளைந்து காட்டும். முறிந்தாலும் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பற்றவைத்துக்கொள்ளலாம். 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகளில் எத்தனையோ, இரண்டு தலைமுறை கடந்தும் தெருக்களில் ஓடக் கண்டிருக்கிறேன்.

காற்றைப் பொறுத்தவரை, கல் போல அடிப்பதும் தவறு, தொளதொளவென்று விடுவதும் தவறு. டயரின் பக்கவாட்டில் உச்ச அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதற்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைப் பெரிதும் சுமக்கும் பின்சக்கரத்தில் சிறிது கூடுதலாகவும், முன்சக்கரத்தில் சிறிது குறைவாகவும் இருக்கலாம். காற்று குறைந்த டயரோடு பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டைகள் விழும். பஞ்சர் ஏதுமின்றியே ஒவ்வொரு வாரமும் காற்று இறங்கினால், பெரும்பாலும் வால்டியூப் தளர்ந்திருக்கும். மிகச் சிறிய ரப்பர்த் துண்டு அது, மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தங்கையின் பாதையில் ஒரு பாலம் உண்டு. கடற்காற்று எதிர்த்து வீசும் மாலை வேளையில் அதில் ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிடும். பற்களை எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. அவளுடைய 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு முறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீட்டர் நகரும். பின்னால் 20 பல் கொண்ட ஃப்ரீவீலைப் பொருத்தினோம்; இப்போது ஒரு மிதிக்கு நாலரை மீட்டர். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மிதியின் கனமும் அதே அளவு குறைந்தது. கியர் வண்டி வாங்க வேண்டுமென்று சொன்னவர்களுக்கு இது ஒரு நல்ல பதில். பெரிய ஃப்ரீவீல் போடும்போது பின்சக்கரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளவோ, செயினில் ஒரு கண்ணி சேர்க்கவோ நேரலாம். செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கழன்றுவிடும், ஆடவே இல்லையென்றால் இழுத்துப் பிடிக்கும்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று கூற வேண்டும். புர்கா அணிந்து ஓட்டுபவர்கள் செயினை முழுவதும் மூடும் செயின் கவரும், பின்சக்கரத்தின் மேற்பாதியை இருபுறமும் மறைக்கும் வலையும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. துணியின் ஓரம் கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் நொடியில் பூட்டிக்கொள்ளும். தங்கையின் வண்டியில் பாதிக் கவரே இருந்தது. முழுக் கவர் மாட்டினோம். வலையை அவளே நைலான் கயிற்றால் பின்னிக் கட்டிக்கொண்டாள். கடையில் விற்பதைவிட அது நன்றாகவே இருக்கிறது. நோட்டுப் புத்தகங்களைத் தோளில் தொங்கும் பையில் சுமக்காமல் பின் கேரியரில் இறுக்கிக் கட்டச் சொன்னேன். கனத்தை முன் கூடையில் ஏற்றினால் ஹேண்டில் தன் போக்கில் திரும்பப் பார்க்கும். கூடைக்குக் குடையும் சாப்பாட்டுப் பாத்திரமும் போதும்.

பிரேக்கு விஷயத்தில் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மழையில் நனைந்த எஃகு ரிம்மை ரப்பர்க் கட்டை சரியாகப் பற்றாது; வண்டி நிற்கும் தூரம் மிகவும் கூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பாகவே பிரேக்கை மெதுவாகப் பிடித்து, ரிம்மிலுள்ள நீர் வழிந்தபின் அழுத்திப் பிடியுங்கள். இரு பிரேக்குகளையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

எண்ணெய் போடுவதாகச் சொல்லிக்கொண்டு அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து வருபவர்கள் நம் வீடுகளில் அதிகம். அது நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். செயினை அரம் போல் தேய்க்கும். மோட்டார் வண்டியிலிருந்து கழித்த எண்ணெயும் வேண்டாம். தையல் மிஷினுக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். உப்பு இதனினும் மெல்லக் கொல்லும் பகை. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டத்தையும் ரிம்மையும் துடைத்து, உடனே உலர்த்திவிட வேண்டும். ரிம்மில் மட்டும் எண்ணெய் பட்டுவிடக் கூடாது, பிரேக்கு போய்விடும்.

தங்கையின் முழங்கால் வலி ஒரு வாரத்தில் பறந்துவிட்டது என்று கதை சொல்ல நான் விரும்பவில்லை. முதல் மாதம் பாதித் தூரம் ஓட்டி, பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டாம் மாதம் பாலத்திலும் ஏறினாள். இன்றும் குளிர் மிகுந்த காலை வேளைகளில் சிறிது வலிக்கத்தான் செய்கிறது என்கிறாள். ஆட்டோவை விட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. மகளின் இவ்வாண்டுக் கட்டணத்தை அவளே கட்டினாள், அல்ஹம்துலில்லாஹ். பொருத்தியபின்னும் வலி குறையாதவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அண்மையில் பள்ளியில் மாலை வகுப்பும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும்போது மஃரிபு கடந்துவிடும். ஆகவே இப்போது விளக்கைப் பற்றி அண்ணன் தங்கை இருவருக்கும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. வாப்பா காலத்து டைனமோ ஒன்று என்னிடம் இருக்கிறது; 6 வோல்ட், 3 வாட். ஆனால் அது டயரை உரசிக்கொண்டே சுற்றுவதால் மிதி கனக்கும். வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்குத்தான் வேண்டும் என்று அவள் சொல்கிறாள். அவள் சொல்வதே சரி. பின்புற மட்கார்டுக்குச் சிவப்புப் பிரதிபலிப்பானை நேற்றே மாட்டிவிட்டேன்.