மரத்திலிருந்து குதித்தவன்

எனக்கு இசை தெரியாது. பங்க் ராக் என்றால் கிழிந்த உடையும் கூச்சலும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவர் மினிட்மென் என்ற அமெரிக்கக் குழுவின் குறுந்தகட்டைக் கொடுத்தார். ஒரு பாடல் தொடங்கியதை உணர்வதற்குள் அது முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு மூடி வைத்தேன். இரண்டாம் முறை கேட்க நேர்ந்தது வேறொரு மனநிலையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்கோடியில் சான் பெட்ரோ என்னும் துறைமுகப் பகுதி இருக்கிறது. உழைப்பாளர்களின் ஊர். அங்கே ஒரு பூங்காவில் மைக் வாட் என்ற சிறுவன் நடந்துகொண்டிருந்தபோது, அவனை வேறு யாரோ என்று நினைத்து இன்னொரு சிறுவன் மரத்திலிருந்து முன்னால் குதித்தான். அவன்தான் டி. பூன். இருவருக்கும் அப்போது 13 வயதை ஒட்டி இருக்கும். பிள்ளைகள் தெருவில் திரியாமல் இருக்கட்டும் என்று பூனின் தாய் இருவரையும் இசை பழகச் சொன்னார். வாட்டின் கையில் பேஸ் கிட்டார் வந்ததும் அந்த அம்மையாரின் முடிவுப்படிதான். அது சாதாரண கிட்டாரிலிருந்து வேறுபட்ட கருவி என்பதே தொடக்கத்தில் அவனுக்குத் தெரியாது.

1980-இல் மினிட்மென் உருவாயிற்று. டிரம்ஸ் வாசிக்க ஜார்ஜ் ஹர்லி வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் வெளியான முதல் இசைத்தட்டில் 7 பாடல்கள். எல்லாம் சேர்த்தும் 7 நிமிடங்களை எட்டவில்லை. பெரிய இசை நிறுவனங்களின் வாசலில் அவர்கள் காத்து நிற்கவில்லை. 'எக்கனோ' என்று ஒரு சொல்லைத் தங்களுக்கென வைத்திருந்தார்கள். சிக்கனம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆனால் அது கஞ்சத்தனமன்று, ஒரு வாழ்க்கை முறை. வாடகை குறைவான பின்னிரவு நேரங்களில், ஏற்கெனவே பயன்படுத்திய நாடாக்களில் பதிவு செய்தார்கள். தொகுப்புச் செலவை மிச்சப்படுத்த, தட்டில் வரவேண்டிய வரிசையிலேயே பாடல்களை வாசித்தார்கள். பயணங்களில் தாங்களே வேன் ஓட்டினார்கள், கருவிகளைத் தாங்களே தூக்கினார்கள்.

1984-இல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' என்ற இரட்டை இசைத்தட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். நண்பர் கொடுத்தது இதைத்தான். வெறிகொண்ட வேகமே புரட்சி என்று ராக் பாடகர்கள் முழங்கிய காலத்தில், அட்டைப் படத்தில் வாட் மணிக்கு 55 மைல் என்ற சட்டபூர்வமான வேகத்தில் அமைதியாகக் கார் ஓட்டுகிறார். வண்டியை நிதானமாக ஓட்டுவோம், இசையில் துணிவைக் காட்டுவோம் என்பது அந்தக் கேலியின் உட்பொருள்.

அவர்களுடைய இசையமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. ராக் இசையில் கிட்டார்தான் அரசன். பேஸும் டிரம்ஸும் ஏவலர்கள். பூன் தன் கிட்டாரின் கீழ்ஸ்தாயி ஒலியை வேண்டுமென்றே குறைத்து, கூர்மையான மேல் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் மற்ற இருவரும் அவருக்குச் சமமாக ஒலித்தார்கள். பூன் இதை ஓர் அரசியல் நிலைப்பாடாகவே கருதினார் என்று வாட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமத்துவத்தைப் பற்றிப் பாடுவது எளிது. தன் ஒலியைத் தானே குறைத்துக்கொள்வது அப்படியன்று.

இனி என் கதை. கல்லூரி நாட்களில் நானும் ஒரு நண்பனும் சிற்றிதழ் ஒன்று நடத்தினோம். இரண்டு இதழ்கள் வந்தன. மூன்றாவது நல்ல தாளில், ஓவியர் ஒருவர் வரைந்த அட்டையோடு வரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒளிநகல் போதும் என்றான் அவன். பணம் சேரட்டும் என்று காத்திருந்தோம். சேர்ந்தபோது அவன் எழுதுவதை விட்டிருந்தான். வீடு மாற்றும்போது மூன்றாம் இதழின் கையெழுத்துப் படிகள் கிடைத்ததாகவும், எடைக்குப் போட்டுவிடலாமா என்றும் கேட்டு ஒருநாள் மடல் எழுதியிருந்தான். அன்றிரவுதான் அந்தக் குறுந்தகட்டை மீண்டும் எடுத்தேன். இம்முறை பாடல்கள் குறுகியவையாகத் தோன்றவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னதும் நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் பூன் இறந்தார். வயது 27. மினிட்மென் அத்தோடு முடிந்தது. ஓராண்டுக்குள், ஓஹையோவிலிருந்து தேடிவந்த எட் கிராஃபோர்ட் என்ற ரசிகரின் வற்புறுத்தலால் வாட்டும் ஹர்லியும் ஃபயர்ஹோஸ் என்ற புதுக்குழுவைத் தொடங்கினார்கள். 1991-இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் தங்கள் புகழ்பெற்ற தொகுப்பை வாட்டுக்குக் காணிக்கையாக்கினார்கள். 1980களின் அமெரிக்கச் சுயேச்சை இசை குறித்து மைக்கேல் அஸராட் 2001-இல் எழுதிய நூலின் தலைப்பே மினிட்மென் பாடலொன்றிலிருந்து எடுத்ததுதான். வாட்டோ தன் இசைத்தட்டுகளைப் பூனுக்கே காணிக்கையாக்கி வந்திருக்கிறார்.

எடைக்குப் போடாதே, ஒளிநகல் எடுத்து இருபது பேருக்கு அனுப்புவோம் என்று நண்பனுக்கு அன்றிரவே எழுதினேன். பத்து நாட்கள் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே படிகள் மட்டும் இருந்தன, கடிதம் இல்லை. ஓரங்களில் பிழைகளைப் புதிய மையில் திருத்தியிருந்தான்.